வீடு தேடி வரும் நோய்தணிப்புச் சேவை: உடனிருந்து பார்த்தவளின் மதிப்பீடு

குணப்படுத்த இயலாது என்று உறுதியாகிவிட்ட புற்றுநோயாளிகளுக்காகப் பெரிய மருத்துவமனை ஒன்று நடத்தும், வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்தணிப்புச் சிகிச்சைப் பிரிவை, அதாவது வலியையும் மற்றத் துன்பங்களையும் குறைக்கும் பிரிவை, பற்றிய மதிப்பீடு இது. மார்பகத்தில் தொடங்கி எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோயோடு என் அக்கா வாழ்ந்த கடைசிக் காலம் முழுவதும் அந்தப் பிரிவின் கவனிப்பில்தான் கழிந்தது. உடனிருந்து பார்த்துக்கொண்டவள் நான். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது அதற்கு ஒரு காரணம். இத்தகைய சேவையை எங்கே நாடுபவரும் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பெயரைவிடப் பயனுள்ளது என்பது இன்னொரு காரணம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலியைக் கட்டுப்படுத்துவதிலும் அகால வேளையில் தொலைபேசியை எடுப்பதிலும் இந்தப் பிரிவு மிகச் சிறப்பானது, அதே மருத்துவமனையின் மற்ற பிரிவுகளோடு பேசிக்கொள்வதில் சுமார், நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைக் கவனிப்பதில் பலவீனமானது.

முதற்குறை, இந்தச் சேவை எங்களுக்குக் கிடைத்த நேரம். நோய் எலும்புக்குப் பரவியது ஸ்கேனில் தெரிந்த நாளிலேயே இந்தப் பிரிவு அதே கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஹார்மோன் மாத்திரை, ஊசி, கீமோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் எங்களை அங்கே அனுப்பினார்கள். அதுவரை புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் ஸ்கேன் முடிவுதான் முதல் பேச்சு. இரவெல்லாம் இடுப்பு வலியில் தூங்கவில்லை என்று அக்கா சொல்வது, நாங்கள் எழுந்து கதவருகே போகும்போது வரும் கடைசிப் பேச்சு. இது மருத்துவ உலகம் அறியாத விஷயமும் இல்லை. நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 151 பேரை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நோய் உறுதியான சில வாரங்களுக்குள்ளேயே வழக்கமான சிகிச்சையோடு நோய்தணிப்புச் சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தும் வாழ்க்கைத் தரம் உயர்ந்தும் இருந்தன. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகவே தரப்பட்டன. அப்படியும் அவர்களுடைய இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதமாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுடையது 8.9 மாதமாகவும் இருந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. இரண்டு சிகிச்சைகளும் கைகோத்துப் போக முடியும் என்பதைக் காட்ட அது போதும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இத்தகைய கவனிப்பு தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது. கிடைக்கும் வாய்ப்பு ஒரு மாடி தள்ளி இருந்தும் எங்களுக்குத் தாமதமானதை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தாமதத்துக்கு அனுப்பியவர்கள் மட்டும் காரணமல்லர். ‘நோய் கட்டுக்குள் இருக்கிறது’, ‘மருந்து கேட்கிறது’ என்று புற்றுநோய் மருத்துவர் சொன்ன ஒவ்வொரு முறையும், வீட்டில் அது ‘குணமாகிக்கொண்டிருக்கிறது’ என்றே பரவியது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் எதை விளங்கிக்கொண்டோம் என்று அவர் ஒருமுறையும் திருப்பிக் கேட்கவில்லை. நுரையீரலிலோ பெருங்குடலிலோ தொடங்கிய புற்றுநோய் பரவிய பின் கீமோ பெற்ற 1,193 பேரிடம் கேட்டு 2012இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், நுரையீரல் நோயாளிகளில் 69 விழுக்காட்டினருக்கும் பெருங்குடல் நோயாளிகளில் 81 விழுக்காட்டினருக்கும் அந்தக் கீமோ தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பது விளங்கியிருக்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த எங்கள் குடும்பத்திலும் நிலைமை அதுவேதான்.

நோய்தணிப்புப் பிரிவின் மருத்துவர் இந்த இடத்தில்தான் முதல் மதிப்பெண்ணைப் பெறுகிறார். முதல் சந்திப்பில் அவர் ஃபைலைத் திறக்காமல், “உங்கள் உடம்பைப் பற்றி இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், அம்மா? இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று அக்காவிடமே கேட்டார். அதற்கு முன்பே எங்கள் மாமா அவரை வெளியே மடக்கி, நோயாளிக்கு எதுவும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அந்த மருத்துவர் சொன்ன பதிலை இப்போதும் வியக்கிறேன்: “அவர் கேட்காததை நான் திணிக்க மாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்.” அக்கா கேட்டார். குணமாகாது என்ற பதிலைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்து அவர் கேட்டது எத்தனை மாதம் என்றல்ல; வலி இப்படியேதான் இருக்குமா என்று. வலியைப் பெருமளவு குறைக்க முடியும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்றார் மருத்துவர். கால அளவோடு சொன்ன ஒரே வாக்குறுதி அதுதான்; அதைக் காப்பாற்றவும் செய்தார்கள்.

வலிக்கான சிகிச்சை எப்படி நடந்தது என்பதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எழுந்த அச்சம் அனேகமாக எல்லா வீட்டிலும் எழும். அது கடைசி மருந்து, கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள், பழகிவிட்டால் விட முடியாது, மூச்சை நிறுத்திவிடும் என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்த செவிலியர் எதையும் அலட்சியம் செய்யாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வலிக்கு ஏற்றபடி சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மூச்சு பாதிக்கப்படுவது அரிது. வலிக்காக முறையாக எடுத்துக்கொள்பவர்கள் போதைக்கு அடிமையாவதும் அரிது. கதிர்வீச்சு போன்ற வேறு வழியில் வலி குறைந்தால் இதன் அளவையும் மெல்லக் குறைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் இதுதான்: வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, வலியின் அளவுக்கேற்ப. வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடுவதை விட்டு, வருவதற்கு முன்பே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவது என்ற அந்த ஒரு மாற்றம், மருந்தின் வலிமையைக் காட்டிலும் அதிகப் பலன் தந்ததாக எனக்குத் தோன்றியது. நடு இரவில் எழுப்ப வேண்டியிராதபடி படுக்கப்போகும் வேளைக்கு இரட்டை அளவு எழுதினார்கள். அளவு நிலைப்பட்டதும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றினார்கள். இடையில் திடீரென்று பீறிடும் வலிக்குத் தனியாக ஒரு சிறு அளவும் கையில் இருந்தது. அதை எத்தனை முறை கொடுத்தேன் என்று நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி, அடுத்த முறை வரும்போது அதைப் பார்த்தே நிலையான அளவை மாற்றினார்கள்.

இந்த மருந்தின் கூடவே வரும் மலச்சிக்கலைப் பற்றி இவர்கள் காட்டிய அக்கறையைத் தனியாகப் பாராட்டுகிறேன். தொடக்கத்தில் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகிப்போகாது என்று சொல்லி, மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியையும் எழுதினார்கள். முன்பு வேறோரிடத்தில் தந்த வீரியம் குறைந்த வலி மாத்திரைக்கே இந்த முன்னெச்சரிக்கை இல்லாமல் அக்கா பட்ட பாடு, நோயின் வலிக்குச் சமமாக இருந்தது. வந்தவுடன் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘மலம் போனதா’ என்பதுதான். வலி, சோர்வு, குமட்டல், பசி, மூச்சுத்திணறல், கவலை ஆகியவற்றுக்கு 0 முதல் 10 வரை அக்காவையே எண் சொல்லச் சொல்வார்கள். நான் எட்டு என்று நினைத்த வலிக்கு அக்கா ஐந்து என்றதும், நான் கண்டுகொள்ளாத கவலைக்கு ஒன்பது என்றதும் எனக்கு நல்ல பாடம்.

அந்த ஒன்பதுக்கு இந்தப் பிரிவிடம் மருந்தைத் தவிர வேறு ஏதேனும் இருந்ததா என்றால், ஓரளவுக்கு இருந்தது. இலண்டனில் 1967ஆம் ஆண்டு இறுதிநிலை நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனமும் குடும்பமும் நம்பிக்கைகளும் சேர்ந்த ‘முழு வலி’ என்ற ஒன்றைப் பற்றிப் பேசினார். அந்த மரபில் வந்த பிரிவு என்பதால் சமூகப்பணியாளர் ஒருவரும் உடன் வருவார். படிப்பை முடிக்காத மகனை நினைத்தே அக்காவுக்கு அந்தக் கவலை என்பதை அவர்தான் பேசி வெளிக்கொணர்ந்தார். தாயையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்து, வங்கிக் கணக்கு முதல் கல்லூரிக் கட்டணம் வரை ஒவ்வொன்றையும் யார் பார்த்துக்கொள்வது என்று எழுதவும் வைத்தார். ஆனால் அவர் ஒருவரே பல குடும்பங்களுக்கும் பொதுவானவர். அடுத்த முறை அவரைப் பார்க்க நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது.

இனி, இந்தச் சேவையைத் தாங்கி நிற்கும் தூண் என்று நான் கருதும் இரவுத் தொலைபேசிக்கு வருகிறேன். எந்த நேரத்திலும் எடுப்பார்கள் என்பதைக்காட்டிலும், எடுப்பவர் கையில் அக்காவின் குறிப்பு இருக்கும் என்பதே அதன் மதிப்பு. பெயரைச் சொன்னதும், “எலும்புக்குப் பரவியவர்தானே, சென்ற வாரம் அளவைக் கூட்டினோமே” என்று மறுமுனை தொடங்கும்போது, நோயின் வரலாற்றை முதலிலிருந்து ஒப்பிக்கும் களைப்பு நமக்கு இல்லாமற்போகிறது. ஓர் இரவு அக்கா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினார். மார்ஃபின்தான் மூளையைக் கெடுத்துவிட்டது, உடனே நிறுத்து என்று மாமா கத்தினார். தொலைபேசியில் வந்த செவிலியர், தாகம் அதிகமா, சிறுநீர் அடிக்கடி போகிறதா, சில நாட்களாகவே சோர்வு கூடியதா என்று கேட்டார். மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம், எலும்பில் நோய் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் கூடினாலும் இப்படி ஆகும், காலையில் வந்து இரத்தம் எடுக்கிறோம் என்றார். அதுதான் காரணமாக இருந்தது. உள்நோயாளியாகச் சேர்த்து, நரம்பு வழியாகத் திரவமும் கால்சியத்தைக் குறைக்கும் மருந்தும் ஏற்றிய சில நாட்களில் அக்கா தெளிவாகப் பேசினார். அந்த அழைப்புக்கு ஆள் இல்லாதிருந்தால், வலிமருந்தை நிறுத்தி, குழப்பத்தோடு வலியையும் சேர்த்து அவருக்குக் கொடுத்திருப்போம்.

அதே தொலைபேசி எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொன்னால்தான் மதிப்பீடு முழுமையாகும். ஒரு வார இறுதியில் அக்காவுக்கு முதுகுவலி புதிய விதமாக, படுத்தால் கூடுவதாக, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல வந்தது. நடக்கையில் கால்களும் தளர்ந்தன. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் கணினியில் ‘முற்றிய புற்றுநோய், நோய்தணிப்புச் சிகிச்சை’ என்ற வரியைப் பார்த்ததோடு சரி. வலிக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்ப முனைந்தார். குணப்படுத்த முடியாதவர் என்பதற்கும் எதுவும் செய்ய வேண்டாதவர் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. நான் இரவு எண்ணை அழைத்துக் கைப்பேசியை அந்த மருத்துவரிடமே கொடுத்தேன். முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படும் அறிகுறிகள் அவை, 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று மறுமுனையில் இருந்தவர் வலியுறுத்திய பிறகே ஸ்டீராய்டும் ஸ்கேனும் அதைத் தொடர்ந்து கதிர்வீச்சும் கிடைத்தன. நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால்தான் நடை மிஞ்சும். அக்கா கடைசி வாரங்கள் வரை பிடித்துக்கொண்டாவது குளியலறைக்குத் தாமே போய் வந்தார்.

இந்தச் சம்பவத்தில் நோய்தணிப்புப் பிரிவுக்கும் பங்கு உண்டு. எந்தெந்த அறிகுறிக்குத் தாமதிக்காமல் வர வேண்டும், அவசரப் பிரிவில் எதைக் காட்ட வேண்டும் என்று எழுதிய ஒற்றைத் தாளை அவர்கள் எங்களுக்குக் கொடுத்தது இதற்குப் பின்னர்தான். அது முதல் நாளே வீட்டில் இருந்திருக்க வேண்டும். புற்றுநோய் மருத்துவர் மாற்றிய மாத்திரை இவர்களுக்குத் தெரியாமலும், இவர்கள் கூட்டிய அளவு அவருக்குத் தெரியாமலும் இருந்ததுண்டு. ஒரே கட்டடத்தின் இரு மாடிகளுக்கு நடுவே கடிதம் சுமப்பவளாக நான்தான் ஓடினேன். மருந்துப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் அதை நீட்டும் பழக்கம் அப்படித்தான் வந்தது. உடனிருப்பவர்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள், சேவை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும்.

சாதனங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. சாய்க்கக்கூடிய கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் கேட்டவுடன் வந்தன. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் சத்தம் அதிகம்.

பராமரிப்பவரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் சற்றுக் கடுமையாகலாம். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போடுவது, தோலுக்கடியில் ஊசி போடுவது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள், நானும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, அவர்கள் வரும் இடைவெளி நீண்டது. ‘நீங்கள்தான் நன்றாகச் செய்கிறீர்களே’ என்ற பாராட்டோடு வேலை முழுவதும் என் தலையில் இறங்கியது. உடனிருப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் வினாப்பட்டியல் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. இங்கே அதை நிரப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, மதிப்பெண் அதிகமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இரவாவது யாரேனும் வந்து அக்காவின் அருகில் உட்கார, நான் தூங்கும்படி ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டபோது, அப்படி ஒரு வசதி இல்லை என்றார்கள். வலிக்கு எண் கேட்டுவிட்டு மருந்து தராமல் போனால் அதைச் சிகிச்சை என்று அவர்களே சொல்ல மாட்டார்கள். சுமைக்கு எண் கேட்டுவிட்டுப் போனதை மட்டும் எப்படி ஏற்பது?

கடைசி நாட்களில் அவர்கள் மறுபடியும் நன்றாகவே செய்தார்கள். அக்கா சாப்பிட மறுத்தபோது வீடே அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. சாப்பிடாததால் உடல் ஓய்வதில்லை, உடல் ஓய்வதால் உணவு தேவைப்படாமல் போகிறது என்று செவிலியர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அந்தக் கெஞ்சல் நின்றது. குளுக்கோஸ் ஏற்றியே ஆக வேண்டும் என்ற மாமாவிடம், இந்த நிலையில் அது வீக்கத்தையும் மார்புச் சளியையும் கூட்டக்கூடும் என்று விளக்கி, ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் நனைக்கும் வேலையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். மாமா அதை ஒரு கடமையைப்போலச் செய்தார். விழுங்க முடியாமல் ஆனதும், 24 மணி நேரமும் சிறிது சிறிதாக மருந்து செலுத்தும் சிறு பம்பைத் தோலுக்கடியில் பொருத்தினார்கள். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரும், தொண்டையில் சளி உருளும் சத்தம் கேட்கும், கை கால் சில்லிடும், அந்தச் சத்தம் நமக்குத்தான் கலவரம், அவருக்கு அது பெரும்பாலும் உறைப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், ஒவ்வொன்றும் வந்தபோது யாரும் ஆம்புலன்சுக்கு ஓடவில்லை. வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற அக்காவின் விருப்பம் நிறைவேறியது அதனால்தான்.

அவர் போன பிறகு செவிலியர் வந்து பம்பைக் கழற்றி, மிஞ்சியிருந்த மார்ஃபினை எண்ணி, பதிவேட்டில் எழுதி எடுத்துச் சென்றார். சில வாரங்கள் கழித்துச் சமூகப்பணியாளர் அழைத்து என்னிடமும் அக்காவின் மகனிடமும் தனித்தனியே பேசினார். அவனிடம் பேசிய நேரம்தான் அதிகம், அது சரியும்கூட.

இத்தகைய சேவையில் சேரும் முன் கேட்க வேண்டியவை என்று என்னிடம் யாரேனும் கேட்டால், இரவில் தொலைபேசியை எடுப்பவர் நோயாளியின் குறிப்பைப் பார்த்துப் பேசுவாரா, அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அங்கே பேச ஒருவர் இருப்பாரா, பராமரிப்பவர் தூங்க ஏற்பாடு உண்டா என்ற மூன்றையும் சொல்வேன். வலியைக் குறைப்பார்களா என்று கேட்கத் தேவையிருக்காது, அது அவர்களுக்குக் கைவந்த கலை. புற்றுநோய் மருத்துவர் அனுப்பும்வரை காத்திருக்காமல், நோய் பரவியது தெரிந்தவுடன் நாமே கேட்டு வாங்க வேண்டிய சேவை இது. பிறகு கருத்துப் படிவம் ஒன்றை அனுப்பினார்கள். வருகையின் நேரந்தவறாமை, ஊழியரின் பணிவு, சாதனங்களின் தூய்மை ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை என்று அதில் கேட்டிருந்தது. மூன்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு, இரவு அழைப்பைப் பற்றியும் பராமரிப்பவரின் ஓய்வைப் பற்றியும் கேள்வியே இல்லை என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அண்மையில் வேறொரு குடும்பத்துக்கு வந்த புதிய படிவத்தைப் பார்த்தேன். இரவு அழைப்பைப் பற்றிக் கேள்வி சேர்ந்திருக்கிறது, ஓய்வைப் பற்றி இன்னும் இல்லை.